தயிர் மாத்திரையா, தயிரா?

"தம்பி, அந்தத் தயிர் மாத்திரை மூணு அட்டை குடு."

பர்கூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கிருஷ்ணகிரியில் பத்தொன்பது வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிரிகள் அடங்கிய மருந்தைக் குறிக்கும் ப்ரோபயாடிக் என்ற சொல் என் கடைக்கு வருகிறவர்கள் வாயில் தயிர் மாத்திரை ஆகிப் பல காலம் ஆயிற்று. யாருக்கு என்று கேட்டேன். ஒன்று நாலு வயதுப் பேரனுக்கு: காது வலிக்கு ஆன்டிபயாடிக் சிரப் ஆரம்பித்து மூன்றாம் நாள், காலையிலிருந்து நாலு முறை வயிற்றால் போயிருக்கிறது. ஒன்று தனக்கு: "எதிர்ப்பு சக்தியே இல்ல தம்பி, மாசத்துக்கு ஒருக்கா சளி பிடிக்குது." மூன்றாவது அட்டை தங்கைக்கு: பெங்களூரில் கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது, வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை.

மூன்று அட்டையும் எடுத்து மேஜையில் வைத்துவிட்டேன். பில் போடத்தான் கை வரவில்லை. மூன்று பேருக்கும் பதில் வேறு வேறு. அன்று அவசரத்தில் நான் சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இதே கேள்வியோடு தினமும் யாராவது வருகிறார்கள். மாதம் பல நூறு ரூபாய் இதற்கே செலவழிப்பவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் குடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்று 2016-ல் வெளியான கணக்கு சொல்கிறது. அவருடைய சொந்தச் செல்கள் சுமார் 30 லட்சம் கோடிதான். பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில் குடியிருக்கிறது. நாம் செரிக்க முடியாமல் விடும் நார்ச்சத்தை அவை புளிக்க வைத்து, பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது இந்த பியூட்டிரேட்டிலிருந்துதான். அந்தச் சுவர் எவ்வளவு தடிமன் தெரியுமா? ஒரே ஒரு செல் அடுக்கு. ஒரு பக்கம் இத்தனை லட்சம் கோடி பாக்டீரியா, மறுபக்கம் நம் ரத்தம். நடுவே கோழை பூசிய ஒற்றைச் செல் வேலி.

அதனால்தான் உடம்பு தன் எதிர்ப்புப் படையின் பெரும் பங்கைக் குடல் ஓரத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. சிறுகுடலில் பேயர் திட்டுகள் என்று நிணநீர்த் திசுக்கள் ஆங்காங்கே உண்டு. குடலில் ஓடுவதைச் சிறிது சிறிதாக உள்ளே எடுத்து, இது உணவா, நட்பா, பகையா என்று எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும் இடம் அது. அங்கே பயிற்சி பெற்ற பி செல்கள் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளைச் சுரக்க, அது கோழையில் கலந்து கிருமியைச் சுவரில் ஒட்ட விடாமல் தடுக்கிறது. இன்னொரு பக்கம், பியூட்டிரேட் கிடைக்கும்போது 'கட்டுப்படுத்தும் டி செல்கள்' பெருகுகின்றன. தேவையில்லாத சண்டையை நிறுத்தும் வேலை அவற்றுக்கு. ஒரு பாக்டீரியாவும் இல்லாமல் ஆய்வகத்தில் வளர்த்த எலிகளுக்குப் பேயர் திட்டுகள் சிறுத்துப் போயிருக்கும், ஐஜிஏ மிகக் குறைவாக இருக்கும். பாக்டீரியா இல்லாமல் எதிர்ப்புச் சக்தி முழுதாக வளர்வதில்லை என்று நமக்குத் தெரிந்தது அப்படித்தான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 'இம்யூனிட்டியைக் கூட்டும்' என்று டப்பாவில் அச்சடித்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். எதிர்ப்புச் சக்தி வெறுமனே கூடினால் நல்லது என்றில்லை. கூடாத இடத்தில் கூடினால் அதுதான் ஆஸ்துமா, அதுதான் முடக்குவாதம். குடல் பாக்டீரியா கற்றுக்கொடுப்பது எப்போது அடிக்க வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதை.

சரி, இதில் மாத்திரை எங்கே வருகிறது?

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் 2001-ல் கூடி ப்ரோபயாடிக்குக்கு ஒரு வரையறை கொடுத்தன: போதிய அளவில் உட்கொள்ளும்போது உடம்புக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகள். இந்த வரியில் மூன்று நிபந்தனை ஒளிந்திருக்கிறது. உயிரோடு இருக்க வேண்டும், போதிய எண்ணிக்கை வேண்டும், நன்மை நிரூபணமாகியிருக்க வேண்டும். கடையில் இருக்கும் எல்லாப் பெட்டியும் மூன்றிலும் தேறுவதில்லை.

மாத்திரையில் வரும் பாக்டீரியா நம் குடலில் குடியேறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. எங்கள் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர், சென்னை, சேலம், திருவண்ணாமலை என்று எல்லாப் பக்கத்துப் பஸ்ஸும் வந்து போகிறது. இறங்குகிறவர்கள் டீ குடிக்கிறார்கள், மாம்பழம் வாங்குகிறார்கள், வியாபாரம் நடக்கிறது. ஆனால் யாரும் இங்கேயே வீடு கட்டுவதில்லை. ப்ரோபயாடிக்கும் அப்படித்தான். கடந்து போகும்போது அமிலம் சுரக்கும், கெட்ட கிருமிக்கு இடம் கொடுக்காது, பேயர் திட்டுகளுக்குச் செய்தி கொடுக்கும். நிறுத்தினால் சில நாளில், சில வாரத்தில் மலத்தில் அதன் தடமே இருக்காது.

இஸ்ரேலின் வைஸ்மான் ஆய்வு நிலையத்தில் 2018-ல் ஒரு சோதனை செய்தார்கள். 21 பேருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து, பிறகு ஒரு குழுவை அப்படியே விட்டார்கள். ஒரு குழுவுக்குப் பதினொரு வகை பாக்டீரியா கலந்த ப்ரோபயாடிக். மூன்றாவது குழுவுக்கு அவரவர் சொந்தக் குடல் பாக்டீரியாவையே, முன்கூட்டி எடுத்து வைத்திருந்ததை, திரும்பச் செலுத்தினார்கள். சும்மா விட்டவர்களுக்குச் சில வாரத்தில் பழைய பாக்டீரியாக் கூட்டம் திரும்பிவிட்டது. ப்ரோபயாடிக் எடுத்தவர்களுக்கு மாதக்கணக்கில் தாமதமானது. சிறிய ஆய்வுதான், ஒரே ஒரு கலவைதான். ஆனாலும் 'ஆன்டிபயாடிக் முடிந்ததும் ஒரு மாசம் ப்ரோபயாடிக் போட்டால் குடல் சுத்தமாகச் சரியாகிவிடும்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பழக்கத்தை நான் அதைப் படித்த பிறகு விட்டுவிட்டேன்.

அப்படியானால் மாத்திரையே வேண்டாமா? வேண்டும், சில இடங்களில் நன்றாகவே வேலை செய்கிறது. அந்த அம்மாவின் பேரன் அப்படி ஒரு இடம். ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து ப்ரோபயாடிக் கொடுத்த குழந்தைகளைப் பற்றி 33 ஆய்வுகளைச் சேர்த்து காக்ரேன் அமைப்பு 2019-ல் மதிப்பிட்டது. ப்ரோபயாடிக் எடுத்தவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கு வயிற்றுப்போக்கு. எடுக்காதவர்களில் 19 பேருக்கு. நாளுக்கு 500 கோடி நுண்ணுயிரிகளுக்குக் குறையாமல் கொடுத்த இடங்களில்தான் பலன் நன்றாகத் தெரிந்தது. இதில் கண்டிப்பாகப் பெயர் சொல்லத் தக்கவை இரண்டு. ஒன்று லேக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி. இன்னொன்று சாக்கரோமைசஸ் பவுலார்டி. இது பாக்டீரியாவே அல்ல, ஈஸ்ட். 1920-களில் இந்தோசீனாவில் காலரா பரவிய சமயம், லிச்சி, மங்குஸ்தான் பழத்தோலைக் கொதிக்க வைத்துக் குடித்தவர்களைக் கவனித்து ஆன்றி பவுலார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பிரித்தெடுத்தது. ஈஸ்ட் என்பதால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. ராம்னோசஸ் ஜிஜி மாதிரி பாக்டீரியா வகை என்றால் ஆன்டிபயாடிக் கொடுத்து இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

நம் பக்கத்தில் அதிகம் எழுதப்படுவது பேசில்லஸ் கிளாசி, அந்தச் சின்ன பிளாஸ்டிக் குப்பியில் வருகிற தண்ணீர் மாதிரி மருந்து. ஒரு குப்பியில் 200 கோடி வித்துகள். வித்து என்பதால் வெயிலும் வயிற்று அமிலமும் அதை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. குழந்தைக்கு ஊற்றவும் சுலபம். ஆனால் இந்த ஒரு வேலைக்கு அதற்குள்ள சான்று மேலே சொன்ன இரண்டின் அளவுக்கு இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சில ஆன்டிபயாடிக் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'எல்பி' என்று ஒட்டியிருக்கும். லாக்டிக் ஆசிட் பேசில்லஸ் என்பதன் சுருக்கம் அது. கூடவே வருகிறதே, தனியாக எதற்கு என்று கேட்பார்கள். அட்டையின் பின்புறம் பொடி எழுத்தைப் படித்தால் பலவற்றில் எண்ணிக்கை சில கோடிதான் இருக்கும். 500 கோடி எங்கே, ஆறு கோடி எங்கே. பழைய அட்டைகளில் 'லேக்டோபேசில்லஸ் ஸ்போரோஜென்ஸ்' என்றும் பார்க்கலாம். அது உண்மையில் பேசில்லஸ் கோயாகுலன்ஸ் என்ற வேறு பாக்டீரியா, தப்பான பெயரிலேயே பிழைத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே வாங்குகிறவர்கள் பெயரில் மூன்று பகுதியும் இருக்கிறதா என்று பாருங்கள்: குலம் (லேக்டோபேசில்லஸ் போல), இனம் (ராம்னோசஸ் போல), அதற்குப் பிறகு ஜிஜி போல ஒரு எழுத்தோ எண்ணோ. கடைசிப் பகுதிதான் ஸ்ட்ரெயின், அதாவது ஒரே இனத்துக்குள் இருக்கும் தனி வகை. ஒரே ராம்னோசஸாக இருந்தாலும் ஸ்ட்ரெயின் மாறினால் ஆய்வு சொன்ன பலன் இதற்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. அப்புறம், எண்ணிக்கை தயாரித்த நாளில் உள்ளதா, காலாவதி நாள் வரை உள்ளதா என்பதும் முக்கியம். ஒரு வருடம் ஏப்ரல் கடைசியில் எனக்கு ஒரு பெட்டி லேக்டோபேசில்லஸ் சாஷே வந்தது. '25 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்' என்று பெட்டி மேலேயே போட்டிருந்தது. ஒரு மத்தியானம் முழுக்க வேன் கூரைக்கு அடியில் கிடந்து, கையில் வாங்கும்போது அடுப்பிலிருந்து இறக்கியது மாதிரி சுட்டது. திருப்பி அனுப்பினேன். உள்ளே எத்தனை உயிரோடு இருந்தன என்று யாருக்கும் தெரியாது. சாஷேயைப் பிரித்தால் வெள்ளைப் பொடி எப்போதும் போல வெள்ளையாகத்தான் இருக்கும்.

பெரியவர்களுக்கு நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மருத்துவமனையில் இருந்த 65 வயதுக்கு மேற்பட்ட கிட்டத்தட்ட 3,000 பேரிடம் நடந்த ஆய்வு 2013-ல் வந்தது. ஆன்டிபயாடிக்கோடு ப்ரோபயாடிக் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வயிற்றுப்போக்கில் வித்தியாசமே இல்லை. ஆன்டிபயாடிக் சம்பந்தமில்லாமல் சாதாரண வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளிலும், 2018-ல், பலன் கிடைக்கவில்லை. வயிற்றால் போகிற குழந்தைக்கு முதல் மருந்து ஓஆர்எஸ்ஸும் துத்தநாகமும்தான். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், டம்ளரில் பாதி பாதியாகக் கரைக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாகம் நாளுக்கு 20 மில்லிகிராம், பதினான்கு நாள் வரை. போக்கு நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இனி தயிருக்கு வருவோம். அந்த அம்மா தனக்குக் கேட்ட அட்டைக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது.

வீட்டுத் தயிரில் ஒரு கிராமுக்குக் கோடிக்கணக்கில் லாக்டிக் அமில பாக்டீரியா இருக்கும். ஒரு கிண்ணம் என்றால் எண்ணிக்கையில் மாத்திரைக்குக் குறைந்ததல்ல. குறை வேறு இடத்தில் இருக்கிறது: எந்த ஸ்ட்ரெயின் என்று யாருக்கும் தெரியாது, பித்தநீரைத் தாண்டி எத்தனை உயிரோடு போகும் என்றும் சொல்ல முடியாது. தேன்கனிக்கோட்டையில் இருக்கும் என் அக்கா வீட்டில் மார்கழி மாதம் ராத்திரி உறை ஊற்றினால் காலையில் பால் பாலாகவே இருக்கும். பாத்திரத்தைத் துண்டில் சுற்றி அரிசி மூட்டைக்குள் வைத்தால் பத்து மணிக்கு மேல் மெல்லத் தோயும். புளிப்பே இருக்காது, கொஞ்சம் இழுக்கும். அதே உறையைச் சித்திரையில் கிருஷ்ணகிரியில் ஊற்றினால் ஐந்து மணி நேரத்தில் கத்தியால் வெட்டலாம் போலக் கெட்டியாகி, மறுநாள் நாக்கு கூசும். குளிரில் லாக்டோகாக்கஸ் வகை பெருகும், சூட்டில் வேறு வகைகள் ஜெயிக்கும். ஆகவே ஒரே வீட்டிலேயே மாதத்துக்கு ஒரு தயிர். இதை மருந்தென்று சொல்ல முடியாது, ஆனால் நாலு விதமான நல்ல பாக்டீரியாவைத் தினமும் சந்திக்கும் வழி என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தயிர், கெஃபிர் மாதிரி புளித்த உணவுகளையும், மறுபாதிக்கு நார்ச்சத்து உணவுகளையும் பத்து வாரம் கொடுத்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். புளித்த உணவு சாப்பிட்டவர்களுக்குக் குடல் பாக்டீரியாவின் வகை கூடியது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்துக் குழுவில் அந்தக் குறுகிய காலத்தில் வகை கூடவில்லை. ஆனால் அவர்கள் சாப்பிட்டது நாளுக்கு ஒரு கரண்டி அல்ல, ஆறு பரிமாறல் அளவு. மத்தியானம் கடைசியாக ஒரு கை மோர் ஊற்றிக்கொள்வதோடு அதை ஒப்பிடக் கூடாது.

இங்கே சமையல் விஷயத்தில் ஒரு கவனம் வேண்டும். இட்லி மாவு புளிக்கிறது, ஆவியில் வெந்ததும் பாக்டீரியா செத்துவிடுகிறது. மோர்க்குழம்பும் அப்படியே. ராகிக் கூழுக்கு மாவைப் புளிக்க வைத்தாலும் காய்ச்சும்போது போய்விடும்; ஆறிய கூழில் காலையில் மோர் விட்டுக் கரைக்கிறோமே, அப்போது சேர்கிறதுதான் உயிரோடு உள்ளே போகிறது. வெந்ததால் வீண் என்று அர்த்தமில்லை, புளித்ததால் கிடைக்கும் மற்ற நன்மை இருக்கும். ஆனால் அதை ப்ரோபயாடிக் கணக்கில் சேர்க்க முடியாது.

சின்ன பாட்டிலில் வரும் ப்ரோபயாடிக் பானத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். யாகுல்ட் பாட்டிலில் 650 கோடி, ஸ்ட்ரெயினும் தெரியும். 1930-களிலிருந்து ஜப்பானில் ஆராயப்பட்ட ஸ்ட்ரெயின். எனக்கு அதில் உள்ள தயக்கம் சர்க்கரை ஒன்றுதான். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சுகருக்கு மாத்திரை போடும் காலம் இது.

ராகியை நான் கடைசியாக வைத்தாலும், தினசரி விஷயத்தில் என் மனது முதலில் போவது அங்கேதான். பஸ் ஸ்டாண்டில் வந்து போகிறவர்களைப் பற்றியே பேசுகிறோம். ஊர்க்காரர்களுக்குச் சோறு யார் போடுவது? பியூட்டிரேட் செய்யும் பாக்டீரியா எல்லாம் குடலிலேயே இருக்கிற உள்ளூர்க்காரர்கள். அவர்களுக்கு வேண்டியது நார்ச்சத்தும் செரிக்காத மாவுச்சத்தும். ராகிக் களி, அதோடு கீரைக் கடைசல், கொள்ளுக் குழம்பு, அவரைக்கொட்டை, சித்தேரி மலைச் சாமை: கிருஷ்ணகிரி, தருமபுரி என்று எங்கள் இரண்டு மாவட்டத்துக்காரர்களையும் பட்டினி இல்லாமல் வைத்திருந்த சாப்பாடு இதுதான். ராத்திரி மீந்த களியைத் தண்ணீரில் போட்டுக் காலையில் கரைத்துக் குடிப்பார்களே, ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறி, அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. பிள்ளைகள் வேலைக்கு ஓசூர் போன பிறகு மூன்று வேளையும் பாலிஷ் அரிசி என்று ஆன வீடுகள்தான் என்னிடம் 'குடல் மாத்திரை' கேட்டு வருகின்றன.

எதிர்ப்புச் சக்திக்கு மாத்திரை உதவியதே இல்லையா என்றால், நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. ஒடிசா கிராமங்களில் 4,556 பச்சிளம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, 2017-ல் வெளியானது. பிறந்த சில நாளில் லேக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட ஸ்ட்ரெயினை, அதற்கான நார்ச்சத்தோடு சேர்த்து, ஏழே நாள் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவுவதோ மரணமோ 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தது. படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அது ஒரு ஸ்ட்ரெயின், ஒரு வயது, மருத்துவர்கள் மேற்பார்வை. குறைமாதக் குழந்தைக்கு இதே மாதிரிப் பொருள்கள் ஆபத்தாகலாம் என்று 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது. பெரியவர்கள் சளிக்கு எடுப்பதில் சிறிது பலன் இருக்கலாம் என்கிறது காக்ரேன், சான்று பலமில்லை.

அன்று மேஜைக்கு வருகிறேன். பேரனைப் பார்த்த டாக்டருக்குப் போன் போட்டேன். சிரப்பை நிறுத்த வேண்டாம், ஓஆர்எஸ், துத்தநாகம், பவுலார்டி சாஷே என்றார். மூன்றையும் எடுத்துக் கொடுத்து, மூத்திரம் போவது குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குழந்தை துவண்டாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். அந்த அம்மாவுக்கு அட்டை வேண்டாம் என்றேன். வீட்டில் இரண்டு மாடு இருக்கிறதாம், பால் முழுக்க சொசைட்டிக்குப் போகிறதாம். அரை லிட்டர் நிறுத்தி உறை ஊற்றுங்கள், வாரத்தில் நாலு நாள் களி கிளறுங்கள், சுகரும் ரத்த அளவும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றேன். வீட்டுக்குப் பக்கத்தில் கிரானைட் பாலிஷ் பட்டறை இருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். மாதாமாதம் சளி என்பது அந்தத் தூசியாகவும் இருக்கலாம், டாக்டரிடம் அதையும் சொல்லச் சொன்னேன்.

தங்கைக்கான அட்டைதான் மிச்சம். கீமோவில் வெள்ளணு இறங்கியிருக்கும்போது, கழுத்திலோ நெஞ்சிலோ ரத்தக்குழாய்க்கு டியூப் போட்டிருக்கும்போது, இந்த நல்ல பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் ரத்தத்தில் புகுந்து நோயாகலாம். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. "தயிருதானேப்பா, அதுல என்ன?" என்றார். கீமோ எடுப்பவர்களுக்குத் தயிரைக்கூட எப்போது, எது என்று அவர்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றேன். கடையில் நின்றபடியே தங்கைக்குப் போன் போட்டார். தங்கை மருத்துவமனையில் கேட்டு அரை மணி நேரத்தில் திரும்ப அழைத்தார்: இந்த வாரம் ரத்த அளவு குறைவாக இருக்கிறது, எதுவும் வேண்டாம், அடுத்த முறை வரும்போது பேசலாம் என்றார்களாம்.

அந்த அட்டையை அலமாரியில் திருப்பி வைத்தேன்.